வேர்ட்பிரஸ் திரை மாறிய பின் "காணவில்லை" என்றால்: அறிகுறி வாரியாகப் பார்க்கும் முறை

வன்னியில் நான் பார்த்துக்கொடுக்கும் ஊர்த் தளங்கள், கோயில் தளங்கள், பழைய மாணவர் தளங்கள் பெரும்பாலானவற்றுக்கு ஒரே அமைப்புத்தான். எழுதுபவர் மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ இருப்பார். ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் சேவை) கட்டணத்தைக் கட்டுபவர் ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இருப்பார். கடவுச்சொல் இருவரிடமும் இருக்கும், தளத்தின் பதிப்பு என்ன என்பது இருவருக்கும் தெரியாது. நாலைந்து ஆண்டுகள் தொடாமற் கிடந்த வேர்ட்பிரஸை (இந்தத் தளங்களை நடத்தும் மென்பொருளை) அங்குள்ளவர் ஓர் இரவில் அப்டேற் செய்துவிடுவார். மறுநாட் காலையில் இங்குள்ளவர் உள்நுழையும்போது முதல்நாள் வரை பழகிய திரை இருக்காது.

மாற்றங்கள் உண்மையில் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. 2018 டிசெம்பரில் வந்த 5.0 பதிப்பு பழைய எழுதும் பெட்டியின் இடத்தில் புளொக் எடிற்றரை (பந்தி, படம் என ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டாக வைத்து எழுதும் திரையை) வைத்தது. 2020 மார்ச்சில் வந்த 5.4 அந்த எடிற்றரை முழுத்திரையாக்கியது. 2021 ஜூலையில் வந்த 5.8 விட்ஜெற் (பக்கப்பட்டையிலும் அடியிலும் வைக்கும் சிறு பெட்டிகள்) பக்கத்தையும் புளொக் முறைக்கு மாற்றியது. 2022 ஜனவரியில் வந்த 5.9 தளத்தின் தோற்றத்தையே புளொக்குகளால் திருத்த வழிவிட்டது. இடையில் அப்டேற் செய்யாதவருக்கு இவை எல்லாம் ஒரே நாளில் வந்து விழுகின்றன. அதனால்தான் தளம் பழுதாகிவிட்டது என்ற பதற்றத்தோடு அழைக்கிறார்கள். அழைப்புகளில் பெரும்பாலானவற்றில் எதுவும் பழுதாகியிருப்பதில்லை. ஏதோ ஒரு பெட்டி மூடப்பட்டிருக்கும், அல்லது ஒரு பொத்தான் இடம் மாறியிருக்கும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். நிருவாகப் பலகையின் கீழ் வலது மூலையில் உள்ள பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் உலாவியில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து அதே பயனர்பெயரில் உள்நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தால் பிழை தளத்தில் இல்லை, உங்கள் உலாவியின் பழைய சேமிப்பிலோ அதில் பூட்டிய நீட்சியிலோதான் இருக்கிறது.

## அறிகுறி 1: இடதுபக்க மெனுவைக் காணவில்லை

### எழுதும் திரையில் மட்டும் காணவில்லை

இது 5.4 கொண்டுவந்த முழுத்திரை முறை. மெனு மறைந்திருக்கிறதே தவிர அழியவில்லை. இடது மேல்மூலையில் வேர்ட்பிரஸின் இலச்சினையோ உங்கள் தளத்தின் சிறு படமோ இருக்கும். அதை அழுத்தினால் பதிவுப் பட்டியலுக்கு வந்துவிடுவீர்கள், மெனுவும் வந்துவிடும். எழுதும்போதும் மெனு வேண்டுமானால் வலது மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, "ஃபுல்ஸ்கிரீன் மோட்" என்பதன் எதிரே உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

எடுத்த பின்னும் வேறொரு கணினியில் திறந்தால் மீண்டும் முழுத்திரையாக வருகிறது என்றால் உங்கள் பதிப்பு 6.1 இற்கு முந்தியது. அதற்கு முன் இத்தகைய விருப்பத் தெரிவுகள் அந்தந்த உலாவியிலேயே சேமிக்கப்பட்டன, 6.1 இலிருந்துதான் பயனர் கணக்கோடு சேர்த்துச் சேமிக்கப்படுகின்றன. கடையொன்றில் வெவ்வேறு கணினிகளில் அமர்ந்து எழுதுபவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

### எல்லாத் திரைகளிலும் காணவில்லை, அல்லது சின்னங்கள் மட்டும் தெரிகின்றன

சின்னங்கள் மட்டும் தெரிந்தால் மெனு சுருக்கப்பட்டிருக்கிறது. அதன் அடியில் உள்ள சிறு அம்புக்குறியை அழுத்தினால் விரியும். கைத்தொலைபேசியில் மெனு எப்போதும் மறைந்துதான் இருக்கும்; மேலே உள்ள மூன்று கோடுகளைத் தொட வேண்டும்.

### மெனு இருக்கிறது, சில வரிகள் இல்லை

"அப்பியரன்ஸ்" என்பதன் கீழ் முன்பிருந்த "விட்ஜெற்ஸ்", "மெனுஸ்" ஆகியன போய் "எடிற்றர்" என்று ஒன்று மட்டும் நின்றால், யாரோ தளத்தின் தீம் என்ற தோற்ற வடிவமைப்பை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். புளொக் வகைத் தீம்களில் தலைப்பகுதி, அடிப்பகுதி, மெனு எல்லாம் அந்த எடிற்றருக்குள்ளேயே திருத்தப்படுகின்றன. பழைய தீமுக்குத் திரும்பினால் பழைய வரிகளும் திரும்பும். தீம் மாறாமல் விட்ஜெற் பக்கம் மட்டும் புரியாத வடிவில் நின்றால் "கிளாசிக் விட்ஜெற்ஸ்" என்ற பிளகினை (கூடுதல் வசதி தரும் செருகுநிரலை) நிறுவுங்கள். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

"செற்றிங்ஸ்", "பிளகின்ஸ்" ஆகிய இரண்டுமே இல்லை என்றால் நீங்கள் நிருவாகி அல்லர். கணக்கை வைத்திருக்கும் வெளிநாட்டு உறவினர் உங்களை "எடிற்றர்" அல்லது "ஓதர்" நிலையில் வைத்திருக்கிறார். இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு கிடையாது. தொலைபேசியில் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

## அறிகுறி 2: வகை, குறிச்சொல், முகப்புப் படம் இடும் பெட்டிகள் இல்லை

முதலில் வலது மேல்மூலையில் "பப்ளிஷ்" பொத்தானுக்கு அருகே உள்ள செற்றிங்ஸ் சின்னத்தை அழுத்துங்கள். சில பதிப்புகளில் பற்சக்கரமாகவும் சிலவற்றில் இரண்டாகப் பிரிந்த கட்டமாகவும் இருக்கும். வலதுபுறப் பட்டை திறக்கும். திறந்த பின்னும் பெட்டிகள் இல்லை என்றால் அந்தப் பட்டையின் தலையைப் பாருங்கள். அங்கே "போஸ்ட்", "புளொக்" என்று இரண்டு தாவல்கள் இருக்கும். நீங்கள் ஒரு பந்திக்குள் கேர்சரை வைத்த உடனே பட்டை தானாகப் "புளொக்" தாவலுக்குத் தாவி, எழுத்தின் அளவையும் நிறத்தையும் காட்டத் தொடங்கிவிடும். "போஸ்ட்" தாவலுக்கு மீண்டால் வகையும் படமும் அங்கே இருக்கும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் நான் ஒரு தளத்தையும் ஒப்படைத்ததில்லை. ஆயினும் இதே கேள்விதான் அதிகம் வருகிறது.

அங்கும் இல்லையெனில் மூன்று புள்ளிகளின் கீழ் உள்ள "பிரிஃபரன்சஸ்" பகுதியைத் திறந்து, பதிப்பைப் பொறுத்து "பனல்ஸ்" அல்லது "ஜெனரல்" என்ற பிரிவில் அந்தப் பெட்டி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய எடிற்றரைப் பயன்படுத்துபவர்கள் இதே வேலையைத் திரையின் மேலே உள்ள "ஸ்கிரீன் ஒப்ஷன்ஸ்" வழியாகச் செய்யலாம்.

## அறிகுறி 3: பழைய பதிவுகள் ஒரே பெட்டியாக நிற்கின்றன, அல்லது ஒட்டிய எழுத்து குழம்பிவிட்டது

### ஒரே பெட்டி

5.0 இற்கு முன் எழுதிய பதிவைத் திறந்தால் முழுப் பதிவும் "கிளாசிக்" என்ற ஒரே புளொக்காக நிற்கும். அப்படியே திருத்திச் சேமிக்கலாம், தவறில்லை. "கன்வேர்ட் ரு புளொக்ஸ்" என்று மேலே ஒரு பொத்தான் கண்ணைக் குத்தும். எளிய பந்திகள் மட்டும் உள்ள பதிவென்றால் அழுத்திப் பாருங்கள். அட்டவணையும் படத்தைச் சுற்றி ஓடும் எழுத்தும் உள்ள பழைய பதிவுகளில் அழுத்த வேண்டாம். ஒழுங்கு குலைந்தால் ஒவ்வொன்றாக அடுக்க நேரிடும். அழுத்தியாயிற்று, குலைந்துவிட்டது என்றால் சேமிக்காமல் பக்கத்தை மூடுங்கள். சேமித்தும் விட்டீர்கள் என்றால் வலதுபுறப் பட்டையில் "ரிவிஷன்ஸ்" வழியாக முந்தைய வடிவத்தை மீட்கலாம்.

### ஒட்டியது ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது

இது எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல். ஊரில் பலர் இன்னும் வேர்டில் பாமினி எழுத்துருவில்தான் தட்டெழுதுகிறார்கள். பாமினியில் உள்ளவை தமிழ் எழுத்துகள் அல்ல. ஆங்கில விசைகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பழைய எடிற்றரில் ஒட்டும்போது சிலவேளை எழுத்துருவின் பெயரும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். பாமினி நிறுவப்பட்ட கணினிகளில் தமிழாகத் தெரியும். புளொக் எடிற்றரோ ஒட்டப்படும் எழுத்தின் அலங்காரங்களைக் கழுவிவிட்டு உள்ளே விடுகிறது. போர்வை போன உடனே உள்ளிருந்த ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிசையாக வெளியே வந்துவிடுகின்றன.

ஒரு பிற்பகலில் கோயில் நிருவாகசபைச் செயலாளர் ஒருவர் எனக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்டில் திருவிழா உபயகாரர் பட்டியல் முழுவதும் இப்படி இருந்தது. நடுவில் எண்கள் மட்டும் சரியாக இருந்தன. "தம்பி, காசு மட்டும் விளங்குது, ஆர் குடுத்தது எண்டு விளங்கேல்ல" என்றார்.

தீர்வு எளிது: ஒட்டுவதற்கு முன் இணையத்தில் கிடைக்கும் இலவச எழுத்துரு மாற்றி ஒன்றில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு (எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் எழுத்து முறைக்கு) மாற்றுங்கள். மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இடையில் இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தமிழெழுத்துக் குப்பையாக மாறியிருக்கும், அவற்றைக் கையால் திருத்த வேண்டும். நூற்றுக்கணக்கான பழைய பதிவுகள் பாமினியிலேயே கிடக்கின்றன என்றால் மட்டும் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். தரவுத்தளத்தில் மொத்தமாக மாற்றுவது ஒரு தவறில் எல்லாவற்றையும் கெடுக்கக்கூடிய வேலை.

## அறிகுறி 4: பப்ளிஷ் அழுத்தியும் பதிவு வெளியாகவில்லை

இதில்தான் நேரம் எடுத்து எழுத வேண்டியிருக்கிறது. ஊர்த் தளங்களில் அதிகம் வாசிக்கப்படுவது மரண அறிவித்தல். அதைப் பார்த்துத்தான் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளும் உறவுகளும் இறுதிக்கிரியை நேரத்தை அறிந்துகொள்கிறார்கள்; அது இரண்டு மணித்தியாலம் தாமதித்தாலே பிழை.

### பிழைச்செய்தி எதுவும் வரவில்லை

புளொக் எடிற்றரில் "பப்ளிஷ்" இரண்டு தடவை அழுத்த வேண்டும். முதல் அழுத்தத்தில் வலதுபுறம் ஒரு பட்டை திறந்து, வெளியிட ஆயத்தமா என்று கேட்கும். அதற்குள் உள்ள இரண்டாவது "பப்ளிஷ்" பொத்தானை அழுத்தினால்தான் பதிவு வெளியாகும். பழைய எடிற்றரில் ஒரே அழுத்தத்தில் முடித்துப் பழகியவர்கள் முதல் அழுத்தத்தோடு மடிக்கணினியை மூடிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அறிவித்தல் இப்படியே ஓர் இரவு முழுவதும் வரைவாகக் கிடந்தது. எழுதியவர் போட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்தார். கனடாவிலிருந்து மருமகன் "அண்ணை, தளத்தில ஒண்டும் இல்லையே" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இருவர் சொன்னதும் உண்மை.

பதிவுப் பட்டியலில் தலைப்புக்கு அருகே "ட்ராஃப்ட்" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் காரணம் இதுவே. இரட்டை அழுத்தம் வேண்டாமென்றால் "பிரிஃபரன்சஸ்" பகுதியில் வெளியிடுமுன் சரிபார்க்கும் பட்டையை அணைத்துவிடலாம். நான் அணைப்பதில்லை, பெயரிலும் திகதியிலும் உள்ள பிழைகளை அந்த இரண்டாவது நிறுத்தத்தில்தான் பலமுறை பிடித்திருக்கிறேன்.

"பப்ளிஷ்" இருக்க வேண்டிய இடத்தில் "சப்மிற் ஃபோர் ரிவியூ" என்று இருந்தால் உங்கள் கணக்கு "கொன்ட்ரிபியூற்றர்" நிலையில் உள்ளது. நீங்கள் எழுதலாம், வெளியிட முடியாது.

### "அப்டேற்றிங் ஃபெயில்ட்" அல்லது ஜேசன் பற்றிய செய்தி வருகிறது

ஜேசன் என்பது எடிற்றரும் தளமும் தரவைப் பரிமாறும் வடிவம். பதறிப் பக்கத்தை மீளேற்றாதீர்கள். முதலில் எழுதியதை முழுவதும் தெரிவுசெய்து, நகலெடுத்து, நோட்பாட்டில் ஒட்டிச் சேமியுங்கள். பின்னர் கீழ்வரும் ஒழுங்கில் பாருங்கள்.

முதலாவது இணைப்பு. டொங்கிளிலோ தொலைபேசி டேற்றாவிலோ எழுதுகிறீர்கள் என்றால் அலைவரிசை ஒரு கணம் விட்டுப் பிடித்திருந்தாலும் இந்தச் செய்தி வரும். வேறு தளம் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு மீண்டும் அழுத்துங்கள்.

இரண்டாவது உள்நுழைவு. மின்சாரம் நின்று வந்த பின்னோ மடிக்கணினியை மூடித் திறந்த பின்னோ உள்நுழைவு காலாவதியாகியிருக்கலாம். எழுதும் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு தாவலில் உள்நுழைந்த பின் திரும்பி வந்து முயலுங்கள்.

மூன்றாவது நிலையிணைப்பு (பதிவுகளின் நிலையான முகவரி). "செற்றிங்ஸ்" கீழ் "பேர்மாலிங்க்ஸ்" பக்கத்துக்குச் சென்று எதையும் மாற்றாமல் சேமிப்புப் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். முகவரி விதிகள் புதிதாக எழுதப்படும். ஒன்றையும் மாற்றாமல் சேமிப்பதால் என்ன நடக்கப்போகிறது என்று சிரிப்பவர்கள் உண்டு. தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றிய பின் வரும் ஜேசன் பிழைகளுக்கு நான் முதலில் செய்வது இதைத்தான், பலவேளை அதோடு முடிந்துவிடும்.

நான்காவது முகவரி. "செற்றிங்ஸ்", "ஜெனரல்" பக்கத்தில் இரண்டு முகவரிகள் இருக்கும். உலாவியில் பூட்டுச் சின்னத்தோடு தளம் திறக்கும்போது இங்கே மட்டும் பாதுகாப்பற்ற பழைய http முன்னொட்டு இருந்தால் இரண்டும் முரண்படும். இதில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் உள்ளே நுழைய முடியாமற் போய்விடும் என்பதால், நம்பிக்கை இல்லையெனில் தொடாமல் அடுத்ததற்குச் செல்லுங்கள்.

ஐந்தாவது பிளகின். பாதுகாப்புப் பிளகின் ஏதும் இருந்தால் அதை முதலில் செயலிழக்கச் செய்து முயலுங்கள். பின்னர் மற்றவற்றை ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் ஒரே தடவையில் நிறுத்தினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

இவற்றுக்கும் மசியவில்லை என்றால் "டூல்ஸ்" கீழ் "சைற் ஹெல்த்" பக்கத்தைத் திறந்து, ரெஸ்ட் ஏபிஐ (எடிற்றர் தளத்தோடு பேசும் வழி) பற்றிக் குறை ஏதும் காட்டப்படுகிறதா என்று பாருங்கள். 2019 மே மாதத்தில் வந்த 5.2 பதிப்பிலிருந்து இந்தப் பக்கம் உண்டு. அங்கே 403 என்ற எண்ணோடு மறுப்புக் காட்டினால் பெரும்பாலும் ஹோஸ்டிங்கின் தடுப்புச்சுவர்தான் அழைப்பை மறிக்கிறது. அதை நீங்களோ நானோ திறக்க முடியாது; ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு அந்த எண்ணையும் பிழை வந்த நேரத்தையும் எழுதுங்கள். அந்த உதவி பெரும்பாலும் கட்டணத்துக்குள் அடங்கியது.

அதுவரை அறிவித்தல் காத்திருக்க முடியாதல்லவா? "கிளாசிக் எடிற்றர்" என்ற பிளகினை நிறுவி அதில் வெளியிடுங்கள். பழைய எடிற்றர் வேறு வழியில் சேமிப்பதால் இந்தத் தடை அதைத் தொடாது. வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வப் பிளகின் அது; ஆதரவு முதலில் 2021 இறுதி வரை என்று சொல்லிப் பின்னர் நீடித்தார்கள். பழைய கணினியில் புளொக் எடிற்றர் ஒவ்வோர் எழுத்துக்கும் திணறினாலும் இதுவே மருந்து.

## அறிகுறி 5: குறித்த நேரத்தில் பதிவு வெளியாகவில்லை

"செற்றிங்ஸ்", "ஜெனரல்" பக்கத்தில் நேர வலயம் கொழும்பு என்று இருக்கிறதா? லண்டனில் இருந்து தளத்தைத் தொடங்கியவர் அதை லண்டன் என்று விட்டிருப்பார். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் பற்றிய அறிவித்தலைக் காலை 6 மணிக்கு என்று குறித்து வைத்தால், அங்கே கோடைகால நேரம் நடப்பதால் எங்களுக்கு 10.30 இற்குத்தான் வெளியாகும். வலயம் எதுவும் தெரிவுசெய்யாமல் யூரிசி (உலகப் பொது நேரம்) என்று இருந்தால் 11.30 ஆகிவிடும்.

வலயம் சரியாக இருந்தும் பிந்தினால், தளத்துக்கு ஆட்கள் வருவது குறைவு என்பதே காரணம். வேர்ட்பிரஸின் நேரவேலை யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான் ஓடும். குறித்த நேரத்தில் நீங்களே ஒருமுறை திறந்துவிடுங்கள்.

## அறிகுறி 6: தளம் முழுவதும் வெள்ளையாக, அல்லது பராமரிப்பு நடப்பதாக ஒரு வரி மட்டும்

பராமரிப்பு வரி என்றால் அப்டேற் இடையில் அறுந்திருக்கிறது. பத்து நிமிடம் காத்திருங்கள். அதற்கு மேல் அந்தத் தடுப்பை வேர்ட்பிரஸே பொருட்படுத்தாது. பின்னர் உள்நுழைந்து, அறுந்துபோன அப்டேற்றை மீண்டும் ஓட்டுங்கள்.

வெள்ளைத் திரை அல்லது பாரதூரமான பிழை என்ற செய்தி வந்தால் நிருவாகியின் மின்னஞ்சலைப் பாருங்கள். 5.2 இலிருந்து வேர்ட்பிரஸ் இத்தகைய வேளையில் மீட்பு இணைப்பு ஒன்றையும், எந்தப் பிளகின் அல்லது தீம் காரணம் என்பதையும் அந்த முகவரிக்கு அனுப்புகிறது. ஆனால் எங்கள் தளங்களில் அந்த முகவரி பெரும்பாலும் தளத்தை முதலில் அமைத்துவிட்டு எப்போதோ வெளிநாடு போன ஒருவருடையதாக இருக்கும். தளம் நன்றாக இருக்கும் இன்றைக்கே "ஜெனரல்" பக்கத்தில் அதை உங்கள் முகவரியாக மாற்றிவிடுங்கள்.

மின்னஞ்சல் கிடைக்காதபோது, ஹோஸ்டிங்கின் கோப்பு மேலாளருக்குள் போய்ப் பிளகின் கோப்புறையின் பெயரை மாற்றி எல்லாப் பிளகின்களையும் நிறுத்தலாம். இதுவரை கோப்பு மேலாளரைத் திறந்தே பார்க்காதவர் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு வேலை தெரிந்தவரை அழைப்பது நல்லது.

## வேலை தெரிந்தவரை அழைக்கும்போது

பதிப்பு எண், பிழைச்செய்தியின் ஸ்கிரீன்ஷொட், அது வந்த நேரம், கடைசியாக அப்டேற் செய்தது எது, செய்தது யார் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். தளம் திறக்கக்கூடிய நிலையில் இருந்தால் "டூல்ஸ்", "எக்ஸ்போர்ட்" வழியாகப் பதிவுகளின் நகல் ஒன்றை எடுத்து வையுங்கள். அதில் எழுத்து மட்டுமே வரும், படங்கள் வரமாட்டா என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம். அவருக்கென்று தற்காலிக நிருவாகிக் கணக்கு ஒன்றை உருவாக்கிக் கொடுத்து, வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள். நீக்கும்போது அந்தக் கணக்கின் பெயரில் பதிவுகள் ஏதும் இருந்தால், அவற்றை அழிப்பதா அல்லது வேறொருவர் பெயருக்கு மாற்றுவதா என்று வேர்ட்பிரஸ் கேட்கும். இரண்டாவதைத் தெரிவுசெய்து, பக்கத்தில் உள்ள பட்டியலில் உங்கள் பெயரை எடுத்த பிறகே உறுதிப்படுத்துங்கள். அவர் பரிசோதனைக்காக இட்டதோடு உங்களுக்காக மீட்டுக்கொடுத்த பதிவுகளும் அவர் பெயரில் இருக்கக்கூடும்.